யார் இந்த ‘க’? லினக்ஸ் உள்நுழைவுத் திரையில் தமிழ் இடறும் இடங்கள்

பெரியம்மாவுக்குப் பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, எல்லாவற்றையும் தமிழில் அமைத்துக் கொடுத்தேன். மேசைத்திரை தமிழில் வந்தது, கோப்பு மேலாளரும் தமிழில் வந்தது. அழகாக இருக்கட்டுமே என்று உள்நுழைவுத் திரைக்கும் இணையத்தில் கிடைத்த ஒரு ‘தீம்’, அதாவது தோற்றத் தொகுப்பு, போட்டுவிட்டேன். மறுநாள் காலை கணினியைத் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி, "யார் இந்த ‘க’?"

படம் வைக்காத கணக்குகளுக்குப் பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்டும் தீம் அது. பெரியம்மாவின் பெயர் கோமதி. வட்டத்தில் ‘கோ’ வரவில்லை. வெறும் ‘க’ நின்றது. மேலே கிழமையும் மாதமும் ஆங்கிலத்தில் இருந்தன. கடவுச்சொல் இட வேண்டிய கட்டத்துக்குள் ‘பாஸ்வேர்டு’ என்று ஆங்கில எழுத்துகள். மூலையில் ‘மறுதொட…’ என்று பாதியிலேயே மூச்சுவிட்ட ஒரு பொத்தான். உள்ளே நுழைந்துவிட்டால் இவற்றில் ஒன்றுமே கிடையாது. வாசலில் மட்டும்தான் இந்தக் கோளாறு.

காரணம், வாசலில் நிற்பது வேறு ஆள். லினக்ஸில் உள்நுழைவுத் திரையை வரைவது காட்சி மேலாளர் எனப்படும் தனி நிரல். லினக்ஸின் மேசைத்திரைகளில் கேடிஇ பிளாஸ்மாவோடு பெரும்பாலும் எஸ்டிடிஎம் வரும், க்னோமோடு ஜிடிஎம், லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் லைட்டிடிஎம். இந்த நிரல் தனக்கென ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கின் பெயரில் திரையை வரைகிறது. நீங்கள் இன்னும் நுழையவில்லை; ஆகவே உங்கள் அமைப்புகள் எதுவும் அதற்குத் தெரியாது. கல்யாண மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் கேட்டரிங் ஆள் மாதிரி. வருகிறவரைப் பார்த்துச் சிரிப்பார், பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்று அவருக்குத் தெரியாது.

உங்கள் வீட்டு அடைவுக்குள், அதாவது உங்கள் கணக்குக்கான தனிக் கோப்புறைக்குள், நீங்கள் போட்டுவைத்த எழுத்துருக்கள் இந்த வரவேற்பாளர் கண்ணில் படாது. பிளாஸ்மாவின் அமைப்புப் பகுதியில் நீங்கள் தமிழைத் தேர்ந்தெடுத்தால், அது உங்கள் கணக்குக்குள் மட்டும் எழுதிவைக்கப்படும். உள்நுழைவுத் திரை பார்ப்பது கணினி முழுமைக்குமான மொழி அமைப்பை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல்கள் தாமே விளங்கிவிடும்.

தீம் எழுதுபவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். எஸ்டிடிஎம்மில் ‘சோதனை முறை’ என்று ஒன்று உண்டு. கணினியை விட்டு வெளியேறாமலே ஒரு சாளரத்தில் தீமைப் பார்த்துக்கொள்ளலாம். வசதியானதுதான், ஆனால் அது ஓடுவது உங்கள் பெயரில், உங்கள் மொழியோடு, உங்கள் எழுத்துருக்களோடு. சோதனையில் பளிச்சென்று தெரியும் தமிழ், மறுதொடக்கம் செய்ததும் காணாமல் போகும். நான் இப்போதெல்லாம் எந்த அமைப்பும் செய்யாத புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து அதில்தான் சோதித்துப் பார்க்கிறேன். முழுப் பாதுகாப்பு இல்லையென்றாலும் ஏமாறுவது குறைகிறது.

திரையில் தெரியும் குறையின் வடிவமே நோயைச் சொல்லிவிடும். எழுத்துக்கு எழுத்து வெற்றுப் பெட்டிகள் வரிசையாக நின்றால், அந்தக் கணக்கின் கைக்கெட்டும் தூரத்தில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்துக் கலைஞர்கள் இந்தப் பெட்டிகளை ‘டோஃபு’ என்பார்கள். ‘டோஃபு வேண்டாம்’ என்பதிலிருந்துதான் கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்துக்கே பெயர் வந்தது. குறைந்தபட்ச நிறுவலில் இது வழக்கமான காட்சி. நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்ற ஒன்றை உங்கள் விநியோகத்தின் (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகையின்) தொகுப்பாகவே நிறுவினால் போதும். அது எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான இடத்தில் போய் உட்காரும். நிறுவிய பிறகும் பெட்டி போகவில்லையென்றால் எஸ்டிடிஎம் கணக்கின் பெயரில் எஃப்சி-மேட்ச் கட்டளையை ஓட்டி, தமிழுக்கு எந்த எழுத்துரு கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் ஓட்டினால் வேறு பதில் வரலாம்; அந்தப் பதிலால் பயனில்லை.

கோப்பு அனுமதி இன்னொரு கண்ணி. எழுத்துருவை வீட்டு அடைவிலிருந்து பொது இடத்துக்கு நகலெடுக்கும்போது ‘உரிமையாளர் மட்டும் வாசிக்கலாம்’ என்ற அனுமதியும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், வரவேற்பாளருக்கு மட்டும் அது இல்லாத பொருள். பிளாஸ்மாவில் உங்கள் அமைப்புகளை உள்நுழைவுத் திரைக்கும் எடுத்துச்செல்லும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அது ‘இந்த எழுத்துருவைப் பயன்படுத்து’ என்ற சொல்லைத்தான் சுமந்துபோகும், எழுத்துருவையே தூக்கிப்போகாது.

பெட்டிக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துக் குப்பை வந்தால் கதை வேறு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதைப் பழைய மேற்கு ஐரோப்பியக் குறிமுறை என்று எண்ணி வாசித்தால், தலையில் சாய்கோடு போட்ட ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிக முத்திரையும் மாறி மாறி வரும். சில தீம்கள் திரைச் சொற்களைத் தம் அமைப்புக் கோப்பிலேயே மாற்றிக்கொள்ள இடம் தருகின்றன. பலரும் விரும்பிய சுகர் கேண்டி தீமில் கடவுச்சொல், நிறுத்து, மறுதொடக்கம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி உண்டு. எஸ்டிடிஎம் க்யூடி என்ற நிரல் நூலகத்தின் மேல் எழுதப்பட்டது. இவ்வகைக் கோப்பை வாசிக்கும் க்யூடி 5-இன் பகுதி, யூடிஎஃப்-8 என்று நிரலர் வெளிப்படையாகச் சொன்னால்தான் அப்படி வாசிக்கும். க்யூடி 6-இல் அதுவே இயல்பாகிவிட்டது. பழைய கணினியில் குப்பையும் புதியதில் சரியான தமிழும் வந்தால் இந்தப் பக்கம் சந்தேகப்படலாம்.

திரை முழுக்க ஆங்கிலமாகவே இருக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது கணினி முழுமைக்குமான மொழி அமைப்பு. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டு அமைப்புகள் லினக்ஸில் உண்டு. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது போதாது, அதை உருவாக்கியும் வைத்திருக்க வேண்டும். டெபியன், ஆர்ச் போன்றவற்றில் மொழிப் பட்டியல் கோப்பில் தமிழ் வரியின் முன்னால் உள்ள குறியை நீக்கிவிட்டு லோகேல்-ஜென் கட்டளையை ஓட்டாவிட்டால், கணினி சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். பிழைச்செய்தி எதுவும் திரையில் வராது என்பதுதான் இதில் எரிச்சல்.

அது சரியாக இருந்தும் சொற்கள் ஆங்கிலத்திலேயே நின்றால் தீமைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். எஸ்டிடிஎம் தீம்கள் கியூஎம்எல் மொழியில் எழுதப்படுபவை. ஒரு சொல்லை மொழிபெயர்க்கத்தக்கதாக ஆக்க அதை ஒரு சிறு சார்புக்குள் பொதிய வேண்டும். பலர் பொதிவதில்லை, பெரியம்மாவின் ‘பாஸ்வேர்டு’ அப்படி நேராக எழுதப்பட்ட சொல். பொதிந்திருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் எழுதும் கோப்பு ஒன்று, நிரல் வாசிக்கும் கோப்பு வேறொன்று. முன்னதை எல்ரிலீஸ் கருவியால் பின்னதாக மாற்ற வேண்டும். தமிழ்க் கோப்பைப் பார்த்து மகிழ்ந்து, மாற்றப்பட்ட கோப்பு இல்லையே என்று பிறகு தலையில் அடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். மொழிபெயர்ப்புகள் எந்த அடைவில் இருக்கின்றன என்பதைத் தீமின் விவரக் கோப்பு சொல்ல வேண்டும். அந்த வரி விடுபட்டாலும் எடுபடாது.

இதைவிட நுட்பமான விபத்து ஒன்றும் உண்டு. மொழிபெயர்ப்புச் சொற்கள், அவை வந்த கியூஎம்எல் கோப்பின் பெயரோடு சேர்த்துத்தான் சேமிக்கப்படுகின்றன. யாரோ ஒருவர் நிரலை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கோப்பின் பெயரை மாற்றிவிட்டால், அதிலிருந்த சொற்கள் எல்லா மொழிகளிலும் ஒரே நாளில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். ஆங்கிலத்தில் கணினி வைத்திருக்கும் நிரலருக்கு அது தெரியவே தெரியாது. கேடிஇயோடு வரும் பிரீஸ் என்ற தீமை நகலெடுத்துத் தம் தீமை உருவாக்குபவர்களுக்கும் இதே கதிதான். பிரீஸ் தன் சொற்களைக் கேடிஇயின் தனி மொழிபெயர்ப்புத் தொகுப்பிலிருந்து பெயர் சொல்லி எடுக்கிறது. நகலில் அந்தப் பெயரையும் சேர்த்து மாற்றிவிட்டால், கேடிஇ தன்னார்வலர்கள் ஏற்கெனவே தமிழாக்கி வைத்தது கைநழுவிப் போகும்.

தேதிக்குத் தனிக் காரணம். க்யூடி 6-இல் ‘கிழமை, நாள், மாதம்’ என்று வடிவத்தை மட்டும் கொடுத்து எழுதச் சொன்னால் பெயர்கள் ஆங்கிலத்தில் வரும். பழைய பதிப்பு கணினியின் மொழியைப் பார்த்துக்கொண்டது. புதியதில் எந்த மொழி என்றும் நாம் கூடவே சொல்ல வேண்டும். ஒரு சொல் சேர்த்தேன், ‘வெள்ளி’ வந்தது. ஆனால் கடிகாரத்தில் இன்னொரு வம்பு. இரண்டே எழுத்துக்கு இடம் விட்டிருந்த மூலையில் ‘பிற்பகல்’ வந்து உட்கார்ந்து, மணியைத் திரைக்கு வெளியே தள்ளியது. 24 மணி முறைக்கு மாற்றிவிட்டேன். பெரியம்மா இரயில்வேயில் வேலை பார்த்தவர், அவருக்கு அதுவே பழக்கம்.

வடிவமைப்பாளர்கள் தெரியாமல் செய்யும் அநீதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ‘கடவுச்சொல்’ நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடு கணக்கில் 10 குறிகள், பைட் கணக்கில் 30. திரையில் அகலம் எவ்வளவு என்பது இந்த மூன்றில் எதையும் சார்ந்ததில்லை. தமிழ் எழுத்துகள் இயல்பிலேயே அகலமானவை. பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுத்து, மிஞ்சினால் மூன்று புள்ளி போடு என்று எழுதினால் ‘மறுதொட…’ தவிர வேறென்ன வரும்? சொல்லின் அகலத்தைக் கேட்டு அதற்கேற்பப் பொத்தானை விரிக்கச் செய்வது ஒரே வரி வேலை. உயரமும் அப்படியே. ‘கீ’யின் சுழி மேலே போகும், ‘ழு’வின் வால் கீழே போகும். ஆங்கில எழுத்துக்கு அளந்து வெட்டிய கட்டத்தில் இரண்டும் நறுக்கப்படும்.

எழுத்துருவின் பெயரைத் தீமுக்குள் ஆணியடித்து வைப்பதுதான் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. நவீனத் தீம் என்றால் மெல்லிய ஆங்கில எழுத்துரு ஒன்று கூடவே வரும். அதில் தமிழ் இருக்காது. ஆகவே எழுத்துருவைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக் கைக்குக் கிடைத்த தமிழ் எழுத்துருவைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தும். மெலிந்த ஆங்கிலத்தின் அருகே தடித்த தமிழ், ஒல்லிப்பிச்சான் பக்கத்தில் பயில்வான் நிற்பது போல. லோஹித் தமிழில் தடித்த வடிவம் கிடையாது. தீம் தடிமன் கேட்டால் நிரலே கோடுகளைப் பூசி மெழுகி ஒன்றைச் செய்து தரும், ‘ணை’யின் சுழிகள் அடைந்துபோகும். சாய்வெழுத்து கேட்டால் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்க்கும். நான் தீமைத் திருத்தும்போது முதலில் செய்வது எழுத்துருப் பெயர் வரும் வரிகளை அழிப்பதுதான். பெயர் இல்லாவிட்டால் கணினியின் இயல்பு எழுத்துரு வரும், அதை நாம் ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னும் சில தீம்களில் வரவேற்பு வாசகம் தட்டச்சு அடிப்பது போல எழுத்தெழுத்தாகத் தோன்றும். ஆங்கிலத்தில் அழகு. தமிழில் அது யூனிகோடு குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும் என்பதால் ‘நல்வரவு’ என்பது ‘நல’ என்றாகி, பிறகு புள்ளி ஏறி ‘நல்’ ஆகி, ‘வ’ ‘வு’வாகி முடியும். பார்க்கச் சின்னப் பிள்ளை எழுத்துக்கூட்டுவது போல இருக்கும். பெரியம்மாவின் ‘க’வும் இதே வம்சம்தான். முதல் குறியை எடு என்று நிரல் சொல்கிறது. ‘கோ’வில் முதல் குறி ‘க’, துணைக்குறி அதற்கு அடுத்தது. எழுத்து வேறு, குறி வேறு என்பது ஆங்கிலத்தில் பிழைப்பவருக்குத் தோன்ற வாய்ப்பில்லை. முதல் குறியோடு, அதைத் தொடரும் துணைக்குறிகளையும் புள்ளியையும் சேர்த்து எடுக்கும்படி ஒரு வரி எழுதினேன். (பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து போட்டிருந்தால் வட்டத்தில் வருவது அப்பாவின் எழுத்து. அதற்கு நிரலில் மருந்து தேடவில்லை. கணக்கின் பெயரிலிருந்து தலைப்பெழுத்தை எடுத்துவிட்டேன்.)

சொற்களுக்கு வருவோம். எஸ்டிடிஎம்மின் பொதுச் சொற்களில் ஒன்று, இன்ன கணினிக்கு நல்வரவு என்பது. கணினியின் பெயர் வரும் இடத்தில் வெற்றிடம் விட்டு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் முன்னால் ஒரு சிறு சொல்லை வைத்தால் வேலை முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது பெயரே உருமாறும். ‘இன்னாரின் கடவுச்சொல்’ என்று எழுத வேண்டிய இடத்தைப் பாருங்கள்: கோமதி கோமதியின் ஆவார், சுப்பு சுப்புவின் ஆவார், செல்வம் செல்வத்தின் ஆவார். வெற்றிடத்துக்குப் பின்னால் ‘இன்’ என்று எழுதிவைத்தால் ‘செல்வம்இன் கடவுச்சொல்’ என்றுதான் வரும். உருபே தேவைப்படாதபடி வாக்கியத்தைத் திருப்பிப் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம். ‘இன்ன கணினி உங்களை வரவேற்கிறது’ என்றால் பெயர் எழுவாயாகி அப்படியே நிற்கும். கடவுச்சொல்லுக்குப் பெயரை முன்னால் வைத்து ஒரு முக்காற்புள்ளி போட்டால் போதும்.

‘செஷன்’ என்ற பட்டியலுக்கு இடப்படும் ‘அமர்வு’ என்ற சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை. நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் அது பொருந்துகிறது. உள்நுழைவுத் திரையில் அந்தப் பட்டியல் செய்வது எந்த மேசைத்திரை வேண்டும் என்று கேட்பது. ‘மேசைத்திரை’ என்றே போட்டால் யாரும் விழிக்க மாட்டார்கள். ‘ஸ்லீப்’ பொத்தானுக்கு அகராதியைப் பார்த்து ‘தூங்கு’ என்று எழுதினால் கணினி நம்மைப் படுக்கப் போகச் சொல்வது போலிருக்கும். பிரீஸ் தீமின் மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே, நினைவகத்தில் நிலையை வைத்து இடைநிறுத்துவது என்ற குறிப்பும் இருக்கிறது. குறிப்பைப் படிக்காதவர்களால்தான் இந்த வேடிக்கைகள். நுழைவதற்கு ‘உள்நுழை’ பரவலாகிவிட்டது. தமிழ் விக்கிப்பீடியா ‘புகுபதிகை’ என்கிறது. பொத்தானின் அகலத்தை எண்ணிப் பார்த்தால் ‘நுழை’ போதும் என்பேன். கணினியை நிறுத்துவதற்கு வீட்டில் சொல்வது ‘அணை’தான்.

தீமைத் திருத்தும் மும்முரத்தில் விசைப்பலகையை மறந்துவிடக் கூடாது. கணினியின் முதல் விசைப்பலகையாகத் தமிழ் 99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்பை வைத்துவிட்டு, கடவுச்சொல்லை ஆங்கிலத்தில் வைத்திருந்தால், சரியான விசைகளையே அடித்தாலும் கதவு திறக்காது. கட்டத்தில் தெரிவது புள்ளிகள் மட்டுமே என்பதால் எங்கே தவறு என்று புரியாது. ஆங்கிலம் முதலில், தமிழ் அடுத்து என்று வைப்பதும், எந்த விசைப்பலகை இருக்கிறது என்று காட்டும் தீமைத் தேர்ந்தெடுப்பதும் அவசியம். தமிழிலேயே கடவுச்சொல் வைக்கும் ஆசை இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘ொ’ ஒரே குறியாகவும் எழுதப்படலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரலுக்கு இரண்டும் வேறு. உள்ளே நாம் தட்டச்சு செய்யும் ஐபஸ் போன்ற உள்ளீட்டுக் கருவிகள் பொதுவாக வாசலில் ஓடுவதும் இல்லை.

ஜிடிஎம்மில் இவ்வளவு தலைவலி கிடையாது, ஏனென்றால் அங்கே கை வைக்கவே விடமாட்டார்கள். க்னோமின் மேசைத்திரையை வரையும் க்னோம் ஷெல்லே வரவேற்பாளராகவும் நிற்பதால் மொழிபெயர்ப்பு அதனுடையது. தோற்றம் தொகுக்கப்பட்ட ஒற்றைக் கோப்புக்குள் அடைபட்டிருக்கிறது. உபுண்டு 2011-இல் லைட்டிடிஎம்முக்குப் போய், 17.10 பதிப்பில் ஜிடிஎம்முக்கே திரும்பியது. லைட்டிடிஎம்மின் ஜிடிகே வரவேற்பாளரில் எழுத்துருவை மாற்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும்.

திருத்தங்களை நிறுவிய தீமின் மேலேயே செய்யாதீர்கள். அடுத்த மேம்படுத்தலில் எல்லாம் துடைத்தெறியப்படும். அடைவை வேறு பெயரில் நகலெடுத்து அதில் செய்துவிட்டு, வேலை முடிந்ததும் தீமின் ஆசிரியருக்கும் அனுப்பிவையுங்கள். நான் அனுப்பியது ஐந்தாறு வரிகள்தான்: ஒரு சொல்லைப் பொதிந்தது, தேதிக்கு மொழி சேர்த்தது, பொத்தானின் அகலம், முதல் எழுத்து.

பெரியம்மாவின் வட்டத்தில் இப்போது ‘கோ’ நிற்கிறது. அதைப் பார்த்துப் பெரியப்பாவும் தனக்கொரு கணக்கு கேட்டார். அவர் பெயர் ஸ்ரீதரன். வட்டத்தில் வந்தது ‘ஸ்’. ‘ஸ்ரீ’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. உள்ளே அது நான்கு குறிகள், புள்ளியைக் கண்டதும் என் வரி நின்றுவிட்டது. விதிவிலக்காக இன்னொரு வரி எழுதினேன். அப்புறம்தான் நினைவுக்கு வந்தது: 2005-இல் யூனிகோடு ‘ஶ’ என்ற எழுத்தைச் சேர்த்த பிறகு அதைக் கொண்டும் ஸ்ரீயை எழுதுகிறார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். அதே வரியை இரண்டாம் முறையும் எழுத வேண்டியிருந்தது.